மது குடிக்காதவர்கள் பிரான்சின் ஒயின் ஊர்களுக்குப் போனால் பார்க்க என்ன இருக்கிறது?

கேட்டவர் நிலைமை புரிகிறது. ஆபீஸில் எல்லாரும் கிளம்புகிறார்கள், "நீ வந்து என்ன பண்ணப் போற?" என்று நக்கல் வேறு. தாராளமாகப் போங்கள். நான் போர்தோவில் இருப்பவன், ஒரு சொட்டும் தொடாதவன். பக்கத்தில் உள்ள சாந்த் எமிலியோனுக்கு, ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையே கூட்டிப்போனேன்.

ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஸ்டேஷனிலிருந்து ஊருக்குத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நடக்க வேண்டும். 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் ஊரோடு இந்தத் தோட்டங்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆனால் சமாசாரம் தரைக்குக் கீழேதான் இருக்கிறது. சுண்ணாம்புப் பாறையைக் குடைந்தே 12ஆம் நூற்றாண்டில் ஒரு தேவாலயம் செய்திருக்கிறார்கள். 38 மீட்டர் நீளம், 12 மீட்டர் உயரம். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். பிற்பாடு தலைக்கு மேலே மணிக்கூண்டு எழுப்பியதில் பாரம் தாங்காமல், இப்போது தூண்களுக்கு இரும்புப் பட்டை போட்டிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் அம்மா, "பார்த்தாச்சு, வா வெளியே போயிடலாம்" என்றார்.

அதே சுற்றில், 8ஆம் நூற்றாண்டில் பிரான்சின் வடமேற்கில் உள்ள பிரித்தானி பக்கமிருந்து வந்த எமிலியோன் என்ற துறவி தங்கிய குகையும் வரும். அங்கே ஒரு கல் இருக்கை. பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் அதில் உட்காருவது வழக்கம் என்றார் வழிகாட்டி. "அவங்களுக்குப் பதிலா வேற யாராவது உட்காரலாமான்னு கேளுடா" என்றார் அம்மா. நான் கேட்கவில்லை.

ஒயின் பாதாள அறைக்கும் போனோம். பிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம், ருசி பார்ப்பவர்கள் வாயில் சுழற்றித் துப்புவதுதான் முறை என்று எனக்கும் தெரியும். அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை: "காசு கொடுத்து வாங்கிட்டு ஏன் துப்புறாங்க?" நாங்கள் மக்கரோன் என்ற பிஸ்கட் வாங்கிக்கொண்டோம். 1620 முதல் உர்சுலின் சபைக் கன்னியாஸ்திரீகள் செய்துவந்த பண்டம், பாரிஸ் கடைகளில் கலர் கலராக அடுக்கியிருப்பது அல்ல. தட்டையாக, மேலே வெடித்து, பாதாம் வாசனையோடு இருக்கும். முட்டை வெள்ளைக்கரு சேரும், சைவக்காரர்கள் கவனிக்க.

இவ்வளவு இருந்தும் நம் சொந்தக்காரர்களுக்கு பிரான்ஸ் என்றால் ஈபிள் டவர் மட்டும்தான். போர்தோவிலிருந்து பாரிஸ் 500 கிலோமீட்டருக்கு மேல் என்று எத்தனை முறை சொன்னாலும், "சாயங்காலம் ஒரு நடை காட்டிட்டு வந்துடேன்" என்கிறார்கள். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் என் வீடு வேண்டும். கேட்டால் நான் மாறிவிட்டேனாம்!

சரி, நீங்கள் போனால் வழுக்காத ஷூ போட்டுக்கொள்ளுங்கள். சந்துகள் செங்குத்து, உருண்டைக் கல் பாவியது, மழையில் படுமோசம். சாப்பாட்டை இரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், அப்புறம் அடுப்பை அணைத்துவிடுவார்கள்.