எந்தப் பரிசோதனை முதலில்?

கேள்வி: மகனுக்கு இரண்டே கால் வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை; நாலைந்து வார்த்தைதான் பேசுகிறான். ஒருவர் பேச்சுப் பயிற்சி என்கிறார், ஒருவர் உளவியலாளரைப் பாருங்கள் என்கிறார், இன்னொருவர் மூளை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். எதில் தொடங்குவது?

பதில்: செவித்திறனில் தொடங்குங்கள். பெயருக்குத் திரும்பாத குழந்தைக்கு ஆட்டிசம் இருக்கலாம், காது கேட்காமலும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ‘டிவி சத்தத்துக்கு ஓடி வருகிறானே’ என்று விட்டுவிடாதீர்கள். தாழ்ந்த சுருதி ஒலிகள் நன்றாகக் கேட்டு, ‘ஸ’ போன்ற உயர் சுருதி ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தைகள் உண்டு.

உள்காது ஒலிக்கு எதிரொலி தருகிறதா என்று பார்க்கும் ஓஏஇ பரிசோதனை சில நிமிடங்களில் முடியும். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தால் அதில் தேறமாட்டான். காது மருத்துவர் பார்த்து, நீர் வற்றிய பிறகு மறுபடி செய்ய வேண்டும். ஓஏஇ சரியாக வந்தாலும் செவிநரம்பில் கோளாறு இருக்கலாம். அதைக் காட்டுவது, ஒலி செவிநரம்பு வழியே மூளைத்தண்டை எட்டுகிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனை. குழந்தை தூங்கும்போது செய்வது அது. தூக்க மருந்தும் கொடுப்பார்கள். எனவே அதே நாளில் உளவியலாளரிடம் நேரம் வாங்காதீர்கள். அரைத் தூக்கத்தில் எடுத்த மதிப்பெண் அவன் திறனைக் காட்டாது. ஆனால் அறிக்கையில் ஏறிய எண் பல வருடம் கூடவே வரும்.

இதற்கிடையே குழந்தை நல மருத்துவரிடம், ஆட்டிசத்துக்கான வாய்ப்பைக் கண்டறியும் எம்-சாட் படிவத்தை நிரப்பலாம். 16 முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகளுக்கான 20 கேள்விகள். கவலை தரும் பதில்கள் 8-ம் அதற்கு மேலும் வந்தால் நேராக முழு மதிப்பீடு. 3 முதல் 7 வரை வந்தால், அந்தக் கேள்விகளைத் துருவிக் கேட்கும் இரண்டாம் கட்டம் உண்டு. அதைத் தவிர்த்தால் பிரச்சினை இல்லாத பிள்ளைகளும் பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள்.

ஸ்கேன் எல்லோருக்கும் தேவையில்லை. வலிப்பு, இயல்பை மீறிய தலை வளர்ச்சி, ஒரு பக்கக் கை கால் பலவீனம், வந்த திறன் மறைவது போன்றவை இருந்தால் மருத்துவரே முடிவு செய்வார்.

கேள்வி: ஏழு வயது மகளுக்கு ஓர் அறிக்கையில் ஏடிஹெச்டி (கவனக் குறைவு, மிகைத் துடிப்பு), இன்னொன்றில் கற்றல் குறைபாடு. எதை நம்புவது?

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம், சேர்ந்தே வருபவை அவை. வாசிக்க வராத பிள்ளை வகுப்பில் நிலைகொள்ளாமல் தவிப்பதும் கவனக் குறைவாகத்தான் தெரியும். ஏடிஹெச்டி என்று சொல்ல, அறிகுறிகள் 6 மாதமாவது நீடித்து, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். எனவே ஆசிரியர் நிரப்பித் தரும் படிவம் இல்லாத அறிக்கை அரைகுறைதான். எல்லாவற்றிலும் தாமதமாக வருவதும் அந்தப் படிவம்தான். முதல் நாளே அனுப்புங்கள்.

மதிப்பீடு முழுவதையும் ஒருங்கிணைக்க ஒருவரைப் பொறுப்பாளராகக் கேட்டு வாங்குங்கள். மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. செவிலியரோ சமூகப் பணியாளரோ போதும். பிறப்புக் குறிப்பு, பரிசோதனை முடிவுகள், பள்ளி நோட்டின் பக்கங்கள், எந்தத் தேர்வு எந்தத் தேதியில் நடந்தது என்ற தாள் எல்லாம் ஒரே கோப்பில் அவரிடம் இருக்கட்டும். தேதி முக்கியம்: ஒரே நுண்ணறிவுத் தேர்வை ஒரு வருடத்துக்குள் மறுபடி வைத்தால், பழக்கத்தால் மதிப்பெண் கூடிவிடும். அறிக்கை எழுதுவதற்கு முன் நிபுணர்கள் அரைமணி நேரம் கூடிப் பேச ஏற்பாடு செய்வதும் அவர் வேலை. இது நடக்காத இடங்களில்தான் முரண்பட்ட அறிக்கைகள் வருகின்றன.

கேள்வி: மதிப்பீட்டுக்குப் பல மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள். அதுவரை பயிற்சி கூடாதா?

பதில்: தாராளமாகத் தொடங்குங்கள், பேச்சுப் பயிற்சிக்கு நோயின் பெயர் தேவையில்லை. பேசிய வார்த்தைகள் மறைந்தாலோ, வலிப்பு வந்தாலோ வரிசையில் காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் போங்கள்.