கீபோர்டு: ஓசைகளை எண்ணாதீர்கள், விசையைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. வாய்ப்பாட்டு கற்றுக்கொள்கிறாள்; கீபோர்டும் கேட்கிறாள். கடைக்காரர் “இதில் 400 ஓசைகள் இருக்கின்றன” என்று ஒரு மலிவான மாடலைக் காட்டுகிறார். வாங்கலாமா? குறைந்த விலையில் நல்ல கீபோர்டு தயாரிக்கவே முடியாதா?

பதில்: 400 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். பியானோ, ஆர்கன், வயலின், புல்லாங்குழல் என்று நாலைந்து ஓசைகளே அவளுக்கு நெடுநாள் போதும். தினமும் விரல் படப்போவது விசைகளில்தான். முழு அளவில் 61 விசைகள் வேண்டும். கடையில் ஒரே விசையை மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை அடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் ஒலித்தால் அதில் ‘டச் ரெஸ்பான்ஸ்’ இல்லை. அதில் பழகும் குழந்தைக்குப் பாட்டின் ஏற்ற இறக்கம் விரலுக்கு வராது.

காசியோவின் சிடி-எஸ்200, சிடி-எஸ்300 இரண்டிலும் 61 விசைகள், 400 ஓசைகள். டச் ரெஸ்பான்ஸும் சுருதியை வளைக்கும் ‘பிட்ச் பெண்ட்’ சக்கரமும் இரண்டாவதில்தான் உண்டு. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

வாய்ப்பாட்டு கற்பவளுக்கு அந்தச் சக்கரம் முக்கியம். விசைகளில் ஸ்வரங்கள் தனித்தனியாகத்தான் பேசும். ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்தை ஓரளவாவது கொண்டுவருவது சக்கரம்தான். தொடக்கப் பாடமான சரளி வரிசைக்கு அது தேவைப்படாது, பிந்தைய பாடமான வர்ணத்துக்கு வரும்போது தேடுவாள். எல்லா விசைகளின் சுருதியையும் ஒருசேர மாற்றும் ‘டிரான்ஸ்போஸ்’ வசதியும் இருக்கட்டும். ஒரு கட்டையில் பழகிய விரல்களை மாற்றாமலே ஐந்து கட்டைச் சுருதிக்குப் போய்விடலாம்.

குறைந்த விலையிலும் நல்லதாகத் தயாரிக்க முடியும். ஓசை என்பது சிப்பில் பதிந்த தகவல். அதன் எண்ணிக்கையைக் கூட்டப் பெரிய செலவு இல்லை. டச் ரெஸ்பான்ஸுக்கோ ஒவ்வொரு விசையின் அடியிலும் இரண்டு தொடுமுனைகள் வேண்டும். அவற்றுக்கு இடைப்பட்ட நேரத்தை அளந்தே அடியின் வேகம் கணக்கிடப்படுகிறது. செலவு அங்கேதான். புதிதாகப் பழகுவோரின் நம்பிக்கையைப் பெற விரும்பும் நிறுவனம் ஓசைகளில் பாதியைக் குறைத்துவிட்டு, மிக மலிவான 61 விசை மாடலிலேயே டச் ரெஸ்பான்ஸைக் கொடுக்கவேண்டும். சரளி, ஜண்டை வரிசைகளை விசைப் படங்களோடு தமிழில் அச்சிட்ட சிறு புத்தகத்தையும், பழுதாகும் விசையைத் தனியாக மாற்றித் தரும் சேவையையும் சேர்த்தால், ஊர்தோறும் இசை ஆசிரியர்களே அதைச் சிபாரிசு செய்வார்கள்.

பில் போடும் முன் அடாப்டர் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள். தனியாக வாங்க நேர்ந்தால், அந்த மாடலுக்குக் குறிப்பிட்ட வோல்ட் அளவுள்ளதையே வாங்குங்கள்.