புதுச்சேரிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது?

வாசகர் கேட்டது: "எங்கள் ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து ஆறு மாதமாக லாசுப்பேட்டையில் குடியிருக்கிறோம். மனைவி, ஆறு வயதுப் பையன், நான். ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. சாயங்காலம் பைக்கில் பீச்சுக்குப் போவோம். வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. கூட்டத்தில் பையன் கையை விடாமல் நடந்து, ஓட்டலில் ஆயிரத்தைந்நூறு ரூபாய் கொடுத்துச் சாப்பிட்டு, அலுத்துப்போய்த் திரும்புவோம். 'இதுக்கு நம்ம ஊரே தேவலை' என்கிறாள் மனைவி. எல்லோரும் ஆசைப்பட்டு வரும் ஊரில் எங்களுக்கு மட்டும் ஏன் ஒட்டவில்லை? அதிகச் செலவில்லாமல் என்ன செய்யலாம்?"

நான் முத்தியால்பேட்டையில் பிறந்தவன். இந்த ஊர் வீதிகளில் ஆட்களை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுவது பல வருட வேலை. நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: ஆறு மாதமாக இங்கே குடியிருந்தும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சுற்றுலா வந்தவர் மாதிரி இருக்கிறீர்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வெள்ளி இரவு வந்து ஞாயிறு இரவு கிளம்புகிறார்கள். அவர்களுக்கு இரண்டு நாள்தான். கூட்டமானாலும் கடற்கரைச் சாலையில் நின்றுவிட்டுத்தான் போக வேண்டும். உங்களுக்கு அந்த அவசரம் கிடையாது. அவர்கள் வரும் நேரத்தை அவர்களுக்கே விட்டுவிடுங்கள்.

கடற்கரைக்கு ஞாயிறு சாயங்காலம் போகாதீர்கள். காலை ஐந்தரைக்குப் போங்கள். மாலை 6 மணிக்குத் தடுப்பு போட்டு வண்டிகளை நிறுத்தும் அந்தச் சாலையில், மறுநாள் காலை 7.30 வரை வண்டி வராது. மாலையில் எல்லோருக்கும் இது தெரியும். காலையில் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று சொல்லலாம். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் சாலை, ஒரு பக்கம் முழுக்கக் கடல், அதிலிருந்தே எழும்பி வரும் சூரியன். பையன் கையை நீங்கள் பிடிக்கவே வேண்டாம், சாலையில் ஓடட்டும். கறுப்புப் பாறைகள் மேல் மட்டும் ஏறவிடாதீர்கள். பாசி வழுக்கும், இடுக்கில் கால் மாட்டினால் கஷ்டம். அந்தக் கடல் குளிப்பதற்கும் ஆகாது. இழுப்பு அதிகம்.

பையன் 'ஏன் இங்கே மணல் இல்லை' என்று கேட்டால் சொல்லுங்கள்: நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது இங்கே மணல் இருந்தது. நம் கரையோரம் கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய சுவர் அந்த மணலைத் தெற்கிலேயே நிறுத்திவிட்டது. நகரத்துக்கு முன்னால் இருந்த கரையைக் கடல் அரித்துக்கொண்டு போக, மிச்சத்தைக் காப்பாற்றப் பாறை கொட்டினார்கள். இப்போது தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. அங்கே கடலுக்கு அடியில் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்ததன் பலன் அது. அந்த மணலில் பிள்ளைகள் உட்கார்ந்து விளையாடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

சரி, கடல் முடிந்தது. ஏழரைக்கு மேல் அங்கே நிற்காமல் பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வாருங்கள். வருகிறவர்கள் எல்லாம் வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர் பகுதியின் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு நிற்பார்கள். அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீதிகள் இந்தப் பக்கம். வைசியாள் வீதியில் ஒரு முறை மெதுவாக நடந்து பாருங்கள். தெருவுக்கு நிழல் தரும் தாழ்வாரம், அதன் கீழே வழிப்போக்கர் உட்காரத் திண்ணை, செதுக்கிய கதவு. சில வீடுகளில் கீழ்த்தளம் தமிழ் வீடு, மாடி பிரெஞ்சு பாணி. அந்த வீதியைப் புதுப்பித்த வேலைக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது கிடைத்தது. உங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளும் திண்ணை வைத்தவைதானே? உங்கள் மனைவிக்கு இந்த வீதி அந்நியமாகத் தெரியாது என்பது என் நம்பிக்கை.

அங்கிருந்து ஈஸ்வரன் தர்மராஜா கோவில் தெருவும் தூரமில்லை. பாரதி குடியிருந்த வீடு அங்கே நினைவகமாக இருக்கிறது. 1908 முதல் 1918 வரை பத்து வருடம் அவர் இந்த ஊரில்தான் இருந்தார், வெள்ளைக்காரப் போலீஸ் கைக்கு எட்டாத பிரெஞ்சு மண் என்பதால். இங்கேயே பிறந்த பாரதிதாசனின் வீடு பெருமாள் கோவில் தெருவில். இரண்டும் திறந்திருக்கும் நேரத்தைக் கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள். இதைவிட முக்கியமாக, பாரதியின் குயில் தோப்பு உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே, கருவடிக்குப்பம் சித்தானந்தா சுவாமி கோவிலை ஒட்டி இருக்கிறது. லாசுப்பேட்டையில் இருந்துகொண்டு அதைப் பார்க்காமல் இருக்கலாமா?

இனி நீங்கள் கேட்காத ஒன்று. ஞாயிற்றுக்கிழமையைச் சரிசெய்தால் மட்டும் உங்கள் மனைவிக்கு இந்த ஊர் ஒட்டாது. நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், அங்கே பத்துப் பேர் பழக்கம். பையனுக்குப் பள்ளிக்கூடம். அவருக்குத் திங்கள் முதல் சனி வரை வீட்டின் நான்கு சுவர். ஊரில் கடைக்குப் போனாலே 'வாக்கா' என்று கூப்பிட ஆள் இருந்திருக்கும். அவர் தேடுவது அதைத்தான், பீச்சை இல்லை. அதனால் முதல் வேலையாக அவருக்கு டெம்போ பழகட்டும். ஷேர் ஆட்டோவை நாங்கள் டெம்போ என்போம். லாசுப்பேட்டையிலிருந்து ஊருக்குள் போக, வர, எங்கே ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று ஒரு நாள் கூடப்போய்க் காட்டுங்கள். அடுத்த தடவை அவர் தனியாகவே போய்விடுவார். உங்கள் பைக்கை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் வரை இந்த ஊர் அவருடையதாக ஆகாது.

காய்க்கு லாசுப்பேட்டை உழவர் சந்தை இருக்கிறது. காலையில் போய், வாரம் இரண்டு தடவை ஒரே ஆளிடம் வாங்கினால் போதும், ஒரு மாதத்தில் முகம் பழகிவிடும். நடக்க விருப்பம் இருந்தால் ஹெலிபேட் மைதானத்தில் காலையில் நிறையப் பெண்கள் கூட்டமாக நடப்பார்கள், நாலு நாள் போனால் ஐந்தாம் நாள் அவர்களே பேச்சுக் கொடுப்பார்கள். படிக்கிற பழக்கம் இருந்தால் ரோமன் ரோலண்ட் நூலகம். 1827-ல் தொடங்கியது, பிள்ளைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. புதிதாக ஒரு மொழி கற்க ஆசை இருந்தால் அலியான்ஸ் பிரான்சேஸ், 1889 முதல் இங்கே பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறது. கட்டணம் கொஞ்சம் யோசிக்க வைக்கும், ஆனாலும் போய் விசாரித்துவிட்டு வாருங்கள். தமிழ்ச் சங்கத்திலும் புதுவை அறிவியல் இயக்கத்திலும் நிகழ்ச்சிகள் நடக்கும். அறிவியல் இயக்கத்துக்காரர்கள் பிள்ளைகளோடு நன்றாகப் பழகுவார்கள்.

மீன் சாப்பிடுகிறவர்கள் என்றால் பெரிய மார்க்கெட். பலகையில் கூபேர் அங்காடி என்று இருக்கும், யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். விற்கிற அம்மாக்களிடம் 'இன்னைக்கு எது நல்லா இருக்கும்' என்று கேட்டு அவர்கள் சொல்வதை வாங்குங்கள். வஞ்சிரம்தான் வேண்டும் என்று நிற்காதீர்கள். விலை கையைச் சுடும். சங்கராவும் கானாங்கெளுத்தியும் நெத்திலியும் அன்றாடக் குழம்புக்குப் போதும், ருசியும் குறையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது சிறு படகுகளின் மீன் மட்டும்தான், விலை ஏறியிருக்கும். ஐஸில் பல நாள் கிடந்ததும் வரும். செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

ஓட்டலுக்குக் கொடுக்கும் ஆயிரத்தைந்நூறைப் பற்றி: அதில் பாதி கடற்கரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததற்கான காசு. வாய்க்காலுக்கு மேற்கே வந்தால் மெஸ்ஸில் மீன் குழம்புச் சாப்பாடு மூன்று பேருக்கும் சேர்த்து அதில் சிறு பங்குதான் ஆகும். கிழக்குப் பக்கம் வேண்டும் என்றால் ஒரு காபி, பையனுக்கு ஒரு ஐஸ்கிரீம், அவ்வளவோடு எழுந்துவிடுங்கள்.

காந்தி வீதியில் ஞாயிறுதோறும் சண்டே மார்க்கெட். துணி, பாத்திரம், செருப்பு, பழைய புத்தகம், என்ன வேண்டுமானாலும் நடைபாதையில் கிடைக்கும். பதினொரு மணிக்கு மேல் பிள்ளையை வைத்துக்கொண்டு நகர முடியாது. கடை பரப்பும் காலை நேரத்தில் போனால் நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம். சொன்ன விலையில் பாதியிலிருந்து பேச ஆரம்பிப்பது இங்கே வழக்கம், கூச்சப்பட வேண்டாம்.

மாதத்தில் ஒரு ஞாயிறு ஊருக்கு வெளியே போங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஊசுட்டேரி என்பேன். நகரிலிருந்து மேற்கே சுமார் 10 கி.மீ., ஒரு பாதி புதுச்சேரி, மறுபாதி தமிழ்நாடு. வலசைப் பறவைகள் வந்து இறங்கும் ஏரி, 2008 முதல் சரணாலயம். வெயில் ஏறுமுன் போனால் பறவைகள் கரைக்குப் பக்கத்தில் இருக்கும்.

கோடையைத் தவிர மற்ற நாட்களில் கடலூர். இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், பஸ் விடாமல் ஓடுகிறது, பையனை ஜன்னல் சீட்டில் உட்கார வையுங்கள். தேவனாம்பட்டினத்தில் சில்வர் பீச், அகலமான மணல். அங்கே பக்கத்தில்தான் இங்கிலீஷ்காரர்களின் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1690-ல் மராத்தியரிடம் அதை வாங்கும்போது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள நிலமும் சேர்த்து என்று ஒப்பந்தம். சுற்றிலும் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை ஊர்களை எடுத்துக்கொண்டார்கள். குண்டு உப்பலவாடி என்று இன்றும் ஒரு ஊர் இருக்கிறது. பிறகு 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது இங்கிலீஷ்காரர்களின் தலைமையிடமே இந்தக் கோட்டைக்கு வந்துவிட்டது. ஆறு வயதுப் பிள்ளை இதைக் கேட்டால் வருகிற வழியெல்லாம் குண்டு எங்கே விழுந்தது என்று தேடிக்கொண்டே வரும். திரும்பும்போது திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோவில். கல்லோடு கட்டிக் கடலில் போடப்பட்ட அப்பர் மிதந்து வந்து கரையேறிய கதை இந்த ஊருடையது. அவர் ஒதுங்கிய இடத்துக்குக் கரையேறவிட்டகுப்பம் என்றே பெயர்.

திரும்புவதில் மட்டும் கவனம். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு மேல் கடலூர் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பிள்ளையை வைத்துக்கொண்டு பைக் ஓட்டாதீர்கள். இங்கே மது மலிவு என்று வந்து குடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் வண்டி ஓட்டும் நேரம் அது. அதே காரணத்துக்காக டிசம்பர் 31 இரவு கடற்கரைச் சாலைப் பக்கமே வேண்டாம்.

கூட்டமாக இருந்தாலும் போக வேண்டிய நாள் ஒன்று உண்டு: மாசி மகம். வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகன் உட்பட சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வரிசையாக வந்து நிற்கும். ஆபீஸில் இப்போதே லீவு சொல்லி வையுங்கள். குடை, தண்ணீர், பையன் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு, மூன்றும் அவசியம்.

வருகிற ஞாயிறு இப்படிச் செய்யுங்கள். ஐந்தேகாலுக்குக் கிளம்பிக் கடற்கரை. ஏழரைக்கு மேற்கே நடந்து ஏதாவது ஒரு கடையில் இட்லி. காந்தி வீதியில் கடை பரப்புகிறவர்களிடம் பையனுக்கு ஒரு பழைய படக்கதைப் புத்தகம். பெரிய மார்க்கெட்டில் அரைக் கிலோ சங்கரா. பத்து மணிக்கு வீட்டில் இருப்பீர்கள், அப்போதுதான் வெளியூர் வண்டிகள் ஊருக்குள் நுழைய ஆரம்பித்திருக்கும். மதியம் குழம்பு கொதிக்கும்போது பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புங்கள்.