ஏற்காடு காப்பித் தோட்டத்தில் தேனீ படம் மங்கலாவது பற்றி

வணக்கம் நண்பரே. சின்னப் பொருளைப் பெரிதாக எடுக்கும் 100 எம்எம் மேக்ரோ லென்ஸில் எஃப் 2.8 (லென்ஸ் துளை அகலமாகத் திறந்த நிலை), ஷட்டர் வேகம் 1/125 நொடி வைத்துக் காப்பிப் பூவில் தேனீயை எடுத்தால் எல்லாமே மங்கல் என்று எழுதியிருந்தீர்கள். லென்ஸில் கோளாறு இருக்காது. ஒன்றுக்கு ஒன்று அளவில், அதாவது தேனீ அதன் நிஜ அளவிலேயே கேமரா சென்சாரில் விழும்படி எடுக்கும்போது, எஃப் 2.8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் அரை மில்லிமீட்டர்கூட வராது. தேனீயின் கண் தெளிந்தால் உணர்கொம்பு மங்கிவிடும். துளை சிறிதாகி ஆழம் கூடும்படி எஃப் 11க்கு மாறுங்கள். வெளிச்சக் குறைவுக்கு ஃபிளாஷ் போட்டு, ஒளி மென்மையாக விழ அதன் முன்னால் பட்டர் பேப்பர் கட்டுங்கள்; ஷட்டர் 1/200 போதும்.

ஏற்காட்டுக் காற்றுதான் பெரிய தொல்லை. இடது கையின் இரண்டு விரலால் காப்பிக் கிளையை மெல்லப் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள். கிளை ஆடினால் கேமராவும் சேர்ந்து ஆடும், தூரம் மாறாது. ஆட்டோ ஃபோகஸ் வேண்டாம். லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை அப்படியே விட்டுவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்தி, கண் தெளியும் நொடியில் தொடர்ந்து நாலைந்து முறை அழுத்துங்கள். உங்கள் நிழல் பூவில் விழுந்தால் தேனீ பறந்துவிடும்.

அப்புறம், வெள்ளை இதழ் வெளுத்துப்போனால் எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) கொஞ்சம் குறையுங்கள். தேனீ வெயில் ஏறினால்தான் வரும். அதுவரை குளிரில் விறைத்து உட்கார்ந்திருக்கும் தட்டானில் பழகுங்கள்.