பந்தாடுகிறவனுக்கு எதற்கு நாலு பாஷை?

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

பிளஸ் ஒன் படிக்கும் தங்கள் மகன், ஃபுட்சால் எனப்படும் உள்ளரங்கக் கால்பந்தையும் கடற்கரைக் கால்பந்தையும் தொழிலாகக் கொள்ளப் போவதாகச் சொல்வதாகவும், அதற்காக ஸ்பானிய மொழி வகுப்பில் சேர்த்துவிடும்படி நச்சரிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். தலைப்பில் இருப்பது தாங்கள் கேட்ட கேள்விதான். அவன் கேட்டவற்றுள் மிக நியாயமானது அந்த வகுப்புதான் என்பது என் எண்ணம்.

இவ்விரு ஆட்டங்களை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்தும் அளவுக்கு இந்தியாவில் இன்னும் சம்பளம் கிடையாது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஃபுட்சாலுக்கான கிளப் போட்டியை 2021இல்தான் தொடங்கியது. இந்திய ஆடவர் அணி களமிறங்கியதே 2023இல்தான். பணம் ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி, பிரேசில் போன்ற நாடுகளில் இருக்கிறது. கடற்கரைக் கால்பந்தில் ஒரு போட்டித் தொடருக்கு மட்டும் ஆளை அமர்த்தும் வழக்கம் உண்டென்பதால், ஒரே ஆண்டில் இரண்டு மூன்று நாடுகளில் ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஃபுட்சாலில் 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள களத்தில் அணிக்கு ஐவர் ஆடுகிறார்கள். வெளியே போன பந்தை 4 வினாடிக்குள் உள்ளே உதைத்தாக வேண்டும். அந்த 4 வினாடியில் பின்னாலிருந்து கோல்கீப்பர் கத்தும் ஒற்றைச் சொல் புரியாதவனைப் பயிற்சியாளர் அடுத்த நிமிடமே மாற்றிவிடுவார். ஆளை மாற்ற இங்கே கணக்கு வழக்கில்லை.

இது நம் செட்டிநாட்டுப் பக்கத்துக்குப் புதிதுமன்று. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழிலும் வாணிபமும் செய்ய, போனவர்கள் பெட்டியடிப் பையன் என்னும் கடை எடுபிடியாகச் சேர்ந்து, உதவியாளரான அடுத்தாளாகி, கடைப் பொறுப்பாளரான மேலாளாக உயர்ந்த காலத்தில், மூன்று வருடக் கணக்குக்குச் சம்பளம் பேசிக்கொண்டு கப்பலேறினார்கள். அந்த ஊர்ப் பேச்சைக் கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் இருந்தபடியே பழகிக்கொண்டார்கள். எழுதிய தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் மட்டும் அவர்களிடம் இருந்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் போர்ச்சுகீசிய மொழியிலிருந்த ஒப்பந்தம் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். அவர் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தார். மொழி தெரிந்தவரிடம் படிக்கச் சொன்னபோதுதான், ஆட்டம் நடக்கும் நாளுக்கு மட்டுமே கூலி என்பதும், காயம்பட்டால் வைத்தியச் செலவு அவருடையதே என்பதும் தெரியவந்தன. காலம் கடந்து நான் சொன்ன ஆலோசனை அவருக்குப் பயன்படவில்லை.

18 வயது நிறையாதவரை வேற்று நாட்டுக் கிளப் பதிவு செய்வதை, சில விலக்குகள் தவிர, உலகக் கால்பந்துச் சம்மேளனமான பீஃபாவின் விதி தடுக்கிறது. ஆகவே, இப்போதே வெளிநாட்டில் சேர்த்துவிடுகிறேன் என்று முன்பணம் கேட்டு யாராவது வந்தால், அவரிடம் பீஃபாவின் முகவர் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அதுவரை அவன் பிளஸ் டூ முடிக்கட்டும். பதினொருவர் ஆடும் கால்பந்தை ஒருபோதும் விட வேண்டாம். தமிழக அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்குள்ள 3 சதவீத ஒதுக்கீட்டுக்கு எந்தப் போட்டிகள் கணக்கில் வரும் என்பதைப் பட்டியல் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகே போட்டிகளுக்கு நாள்களைச் செலவிட வேண்டும். பட்டத்துக்குக் காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழக உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. ஸ்பானிய மொழித் திறனுக்கு ஸ்பெயின் அரசு சான்றிதழ் தரும் டெலே (DELE) தேர்வை எழுதட்டும். அந்தச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. முழங்கால் ஓய்ந்த பிறகும், பயிற்சியாளராகவோ மொழிபெயர்ப்பாளராகவோ அவனுக்கு அது சோறு போடும்.

வீட்டு முகப்பில் இருக்கும் பெல்ஜியம் கண்ணாடியைப் பற்றித் தாங்கள் பட்ட கவலையும் படித்தேன். அவன் வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) உதைப்பது சாதாரண ஐந்தாம் எண் பந்தாக இருக்கும். ஃபுட்சாலுக்கு நான்காம் எண் பந்து. 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் 65 சென்டிமீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது என்பது விதி. அதை வாங்கிக் கொடுங்கள். கண்ணாடிக்கும் ஓரளவு காப்பு. அடுத்த ஞாயிறு அவனையும் உடன் அழைத்து வாருங்கள், வகுப்புக் கட்டணத்தைப் பற்றிப் பேசலாம்.