பூட்டியவனிடம் சாவி கேட்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

காஸா நோயாளிகளின் வெளியேறும் அனுமதி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒரு சந்தேகம் உறுத்துகிறது. மனித உரிமை அமைப்புகள் ஒவ்வொரு நோயாளிக்காகவும் இஸ்ரேல் ராணுவத்திடம் மனுக் கொடுக்கின்றன, நீதிமன்றம் ஏறுகின்றன. பூட்டியவனிடமே சாவி கேட்டு நிற்பது அவனுடைய அதிகாரத்தை ஒப்புக்கொள்வதாகாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இந்த வேலையில் இருப்பவர்களையும் தூங்கவிடாத கேள்வி இது. 1988-ல் ருகாமா மார்ட்டன் என்ற மனநல மருத்துவர் இஸ்ரேலில் 'மனித உரிமைகளுக்கான மருத்துவர்கள்' அமைப்பைத் தொடங்கினார். இப்படி மனுக் கொடுக்கும் அமைப்புகளில் அதுவும் ஒன்று. அவர்களுடைய நடமாடும் மருத்துவ முகாம்கள் இஸ்ரேல் ஆக்கிரமித்துள்ள பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையின் கிராமங்களுக்குப் போகின்றன. கூடவே, ஆக்கிரமிப்பு முடிய வேண்டும் என்றும் வெளிப்படையாகப் பேசுகிறார்கள். மனுவும் எதிர்ப்பும் ஒரே வாயிலிருந்து வர முடியும்.

மேற்குக் கரையிலிருந்து கிழக்கு ஜெருசலேம் மருத்துவமனைக்குப் போகும் நோயாளியை நினைத்துப் பாருங்கள். பாலஸ்தீன ஆம்புலன்ஸ் பெரும்பாலும் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது. இஸ்ரேல் எண் பலகையோடு இன்னொரு ஆம்புலன்ஸ் வந்து நிற்க வேண்டும். இரண்டின் பின்கதவுகளும் திறக்கின்றன. ஒருவர் குளுக்கோஸ் பாட்டிலை உயர்த்திப் பிடிக்க, மற்றவர்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கி மாற்றுகிறார்கள். மூச்சுத் திணறுகிறவருக்கும் இதே நடைமுறைதான். அந்த நிமிடங்களைக் குறைக்கச் சொல்லி ஒருவர் எழுதும் கடிதத்தை அடிபணிதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கடிதம் சலுகையும் கேட்பதில்லை. 1949-ம் ஆண்டின் நான்காவது ஜெனீவா ஒப்பந்தம், 55, 56-ம் பிரிவுகளில், ஆக்கிரமித்த நாட்டின் மீதே கடமையைச் சுமத்துகிறது: மக்களுக்கு மருந்து கிடைக்கச் செய்ய வேண்டும், மருத்துவமனைகள் இயங்க வழி செய்ய வேண்டும். கடன் வாங்கியவனிடம் பாக்கியைக் கேட்பவன் அவனுக்கு அடிமையாகிவிடுவதில்லை.

சில நேரம் பலனும் கிடைக்கிறது. ஹமாஸ் உறுப்பினரின் நெருங்கிய உறவினர் என்பதற்காக மட்டும் காஸாவின் பெண் நோயாளிகளைத் தடுத்துவைத்தது செல்லாது என்று இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. மனித உரிமை அமைப்புகள் தொடுத்த வழக்கு அது. ஆக்கிரமிப்பு அசையவில்லை, உண்மைதான். சில பெண்களுக்குச் சிகிச்சைக்கான வழி திறந்தது.

காஸாவில் கதிர்வீச்சு சிகிச்சை கிடையாது. காஸாவிலிருந்து இஸ்ரேலுக்குள் நுழையும் எரெஸ் கடவையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. 2017-ல் காஸா நோயாளிகளின் விண்ணப்பங்களில் 54 சதவீதம்தான் உரிய நேரத்தில் அனுமதிக்கப்பட்டது. அனுமதிக்குக் காத்திருந்த 54 பேர் அந்த ஆண்டில் இறந்தார்கள். அவர்களில் 46 பேர் புற்றுநோயாளிகள். விண்ணப்பங்களை உலக சுகாதார நிறுவனம் மாதாமாதம் எண்ணி வந்ததால்தான் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. யாரும் விண்ணப்பித்திருக்காவிட்டால் மறுப்பும் இருந்திருக்காது, அந்த மரணங்கள் வெறும் புற்றுநோய் மரணங்களாகப் போயிருக்கும்.

2023 அக்டோபருக்குப் பிறகு நோயாளிகளுக்கு எரெஸ் வழியும் அடைபட்டது. அமைப்புகள் இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கின்றன.

அன்புடன்,
ஆசிரியர்