குரூப் 4 வேலையை மகள் விடலாமா?

கேள்வி: என் மகள் பி.இ. கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவள். குரூப் 4 எழுதி, நம் மாவட்டத்திலேயே ஒரு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. இப்போது ராஜினாமா செய்துவிட்டு திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்குப் போகிறேன் என்கிறாள். அங்கே சம்பளம் கொஞ்சம்தான் கூடுதல். "தபால் பதிஞ்சு பதிஞ்சு படிச்சதெல்லாம் மறந்து போச்சும்மா" என்று அழுகிறாள். வரன் பார்க்கிற நேரத்தில் யாராவது சர்க்கார் வேலையை விடுவார்களா? திறமையான பிள்ளைகள் அரசு வேலையில் நிலைக்க வேண்டுமானால் சம்பளத்தைக் கூட்ட வேண்டும், இட ஒதுக்கீட்டைக் குறைத்துத் தகுதி பார்த்து எடுக்க வேண்டும் என்கிறார் என் கணவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு தாய், தக்கலை

பதில்: அம்மா, உங்கள் மகள் சொன்னதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். சம்பளம் போதவில்லை என்று அவள் சொல்லவே இல்லை. படித்தது மறந்துபோகிறது என்கிறாள். உங்கள் கணவர் பதில் சொல்வது அவள் கேட்காத கேள்விக்கு.

இளநிலை உதவியாளரின் அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் அதற்கு மேல். நாகர்கோவிலில் பொறியியல் முடித்துவிட்டு இதைவிடக் குறைவாக வாங்குகிற பிள்ளைகளை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 2022 குரூப் 4 தேர்வுக்குச் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அறிவிப்பில் இருந்த இடங்கள் 7,301. ஜூலையில் எழுதிய தேர்வுக்கு அடுத்த மார்ச்சில்தான் முடிவு வந்தது. அத்தனை மாதமும் பிள்ளைகள் காத்திருந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் நம் கன்னியாகுமரி. பெரிய தொழிற்சாலைகள் இல்லாத ஊரில் படித்த பிள்ளைக்கு மூன்று வழி: களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குப் போவது, வளைகுடாவுக்கு விமானம் ஏறுவது, அல்லது சர்க்கார் தேர்வு எழுதுவது. ஆகவே திறமை அரசின் வாசலுக்கு வரவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். வந்த பிள்ளையை உள்ளே எப்படி வைத்திருக்கிறோம் என்பதுதான் என் கவலை.

உங்கள் மகள் சேர்ந்த நாளிலிருந்து என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடியும். தபால் பதிவேடு, தன்பதிவேடு, நினைவூட்டுக் கடிதம். பவானிசாகரில் அரசு ஊழியர்களுக்குத் தரும் பயிற்சிக்கு எப்போது அழைப்பு வரும் என்ற காத்திருப்பு. துறைத் தேர்வுகள். தகுதிகாண் பருவம் முடிந்ததற்கான உத்தரவு. அதன்பின் பதவி உயர்வுப் பட்டியலில் தன் பெயர் எத்தனையாவது என்று வருஷா வருஷம் எண்ணிப் பார்ப்பது. அவள் அலுவலகத்துக்கு வரும் மனுக்களையெல்லாம் ஒரே பார்வையில் காட்டுகிற ஒரு மென்பொருளை அவளே எழுதிக் கொடுத்தாலும் அந்த எண் மாறாது.

பணிமூப்பை நான் குறை சொல்லவில்லை. மேலதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு எதிராகக் கீழ்நிலை ஊழியருக்கு இருக்கிற பெரிய பாதுகாப்பு அதுதான். அதை எடுத்துவிட்டால் சாதியும் சிபாரிசும் அந்த இடத்தில் வந்து உட்காரும். ஆனால் பணிமூப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் வேறு வழியே திறக்காமல் விடுவது கொடுமை.

வேறு வழி திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூருக்குப் போக வேண்டாம். சரக்கல்விளை விவசாயியின் மகன் கே.சிவன், அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவர், 1982-ல் இஸ்ரோவில் சேர்ந்து 2018-ல் தலைவரானார். மேலக்காட்டுவிளை வி.நாராயணன் டிப்ளமோவில் தொடங்கியவர். 1984-ல் சேர்ந்தார். காரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் பொறியியலில் எம்.டெக். படித்தது சேர்ந்த பிறகு. 1989-ல் முதல் ரேங்க். 2001-ல் அங்கேயே முனைவர் பட்டம். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவர். இருவரும் அரசு ஊழியர்கள்தாம் அம்மா. சம்பளக் கமிஷன் நிர்ணயித்த சம்பளம்தான் வாங்கினார்கள். அங்கே விஞ்ஞானிகளுக்குப் பதவி உயர்வு வேண்டுமென்றால் மேலே ஒருவர் ஓய்வு பெற்று இடம் காலியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குறிப்பிட்ட வருஷங்கள் ஆனதும் வேலையை மதிப்பிட்டு, நேர்காணல் வைத்து உயர்த்துகிறார்கள். டிப்ளமோவோடு வந்தவரை அந்தப் படிப்போடு நிறுத்தாமல் மேலே படிக்க அனுப்பியது ஒரு அரசு நிறுவனம். மிகக் குளிர்ந்த எரிபொருளில் இயங்கும் கிரையோஜெனிக் ராக்கெட் இன்ஜினை உருவாக்கும் பணிக்கு அந்தப் படிப்பு உதவியது.

ராக்கெட்டுக்கு அப்படி, குமாஸ்தாவுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கேட்பார்கள். சரி, நம் ஆரம்ப சுகாதார நிலையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவ மேற்படிப்பில் அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கென்று தமிழ்நாடு தனி இடங்கள் ஒதுக்கியது. கிராமத்திலும் மலையிலும் வேலை பார்த்தவர்களுக்கு ஊக்க மதிப்பெண் கொடுத்தது. அது பறிபோகும் நிலை வந்தபோது வழக்கு நடத்தி, 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வில் அந்த உரிமையை மீட்டார்கள். மேற்படிப்புக்கு வழி இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் எம்.பி.பி.எஸ். முடித்த இளைஞர்கள் கிராமத்துச் சுகாதார நிலையங்களுக்கு வந்தார்கள். ஆசாரிப்பள்ளத்தில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரி 2001 முதல் நடக்கிறது. அங்கு வேலை பார்க்க நிபுணர்கள் வேண்டுமென்றால் அவர்களை அரசேதான் உருவாக்க வேண்டும் என்று இந்த மாநிலம் புரிந்துவைத்திருந்தது. விஞ்ஞானிக்கு உள்ளேயே வளர வழி உண்டு, டாக்டருக்கு உண்டு. நம் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நுழைகிற குரூப் 4 வாசலுக்கு மட்டும் ஏன் இல்லை?

குரூப் 5ஏ இருக்கிறதே என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். இருக்கிறது. அமைச்சுப் பணியில், அதாவது அலுவலக எழுத்து வேலையில் இருப்பவர்கள் அந்தத் தேர்வு எழுதித் தலைமைச் செயலகத்துக்குப் போகலாம். இடங்கள் மிகக் குறைவு, தேர்வானால் சென்னைக்குத்தான் போக வேண்டும். மாவட்டத்தில் ஒரு நல்ல ஆள் குறைவார். அண்டை மாநிலத்தைப் பாருங்கள். கேரளம் 2019-ல் நிர்வாகப் பணிக்கு ஆள் எடுக்க அறிவிப்பு வெளியிட்டபோது மூன்று வழி வைத்தது. வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஒன்று, கெஜட்டட் அதிகாரிகளுக்கு ஒன்று, கெஜட்டட் அல்லாத ஊழியர்களுக்கென்றே ஒன்று. அங்கே ஒரு கிளார்க் இருபத்தெட்டு வயதில் தேர்வு எழுதி உயர்நிலை அதிகாரியாகலாம், தனக்கென்று ஒதுக்கிய வரிசையில். நம் பிள்ளை குரூப் 1 எழுத வேண்டுமென்றால் முழுநேரமும் கோச்சிங்கில் உட்கார்ந்திருப்பவர்களோடு, மாலை ஆறு மணிக்கு அலுவலகம் முடிந்து பஸ் ஏறி வீடு வந்த பிறகு படித்துப் போட்டியிட வேண்டும். அலுவலகத்தில் அவள் கற்ற அனுபவத்துக்கு அந்தத் தேர்வில் மதிப்பே கிடையாது.

உங்கள் கணவரின் இட ஒதுக்கீட்டு வாதத்துக்கு வருகிறேன். இதில் நான் மென்மையாகப் பேசப் போவதில்லை. இந்த மண் திருவிதாங்கூராக இருந்த காலத்தில் பல்ப்பு என்ற இளைஞர் சென்னையில் மருத்துவம் படித்துத் திரும்பினார். ஒடுக்கப்பட்ட ஈழவர் சாதி என்பதால் திருவிதாங்கூர் அவருக்கு வேலை தரவில்லை. மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. 1890-களின் இறுதியில் பெங்களூரில் பிளேக் பரவியபோது உயிரைப் பொருட்படுத்தாமல் நோயாளிகளிடையே வேலை செய்தவர் அவர். 1891-ல் மலையாளி மெமோரியல், 1896-ல் பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட ஈழவ மெமோரியல் என்று மகாராஜாவிடம் மனு மேல் மனு போனது, அரசு வேலையில் எங்களையும் சேருங்கள் என்று. கதவைச் சாத்தியதால் ஒரு நாடு எத்தனை பல்ப்புகளை இழந்தது என்று யோசியுங்கள். இன்றைய 69 சதவீத ஒதுக்கீடு அந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. உங்கள் மகளைத் தபால் பதிய வைத்தது ஒதுக்கீடு இல்லை. படித்த பிள்ளைக்கு என்ன வேலை கொடுப்பது என்று யோசிக்காத நிர்வாகம்.

அந்தப் படிப்புக்கு இங்கே தேவை இல்லையா? 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை கரைகளில் தாய்மார்கள் கடலைப் பார்த்து அழுதுகொண்டிருந்த நாட்களில், எந்தப் படகில் யார் போனார், யார் திரும்பவில்லை என்ற கணக்கில் அரசுக்கும் ஊருக்கும் நாள்கணக்கில் ஒத்துப்போகவில்லை. பங்குத்தந்தைகளும் ஊர்க்காரர்களும் நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதினார்கள். கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்த ஒரு ஊழியர் மீன்வளத்துறையில் இருந்து, அவருக்கு அதிகாரமும் நேரமும் கொடுத்திருந்தால், கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகின் ஆள்விவரமும் ஒரே இடத்தில் இருந்திருக்கும். இதைச் செய்ய அரசு யாரையும் அமெரிக்காவிலிருந்து கூட்டி வர வேண்டாம். உங்கள் மகளைப் போன்றவர்கள் ஏற்கெனவே அதே அரசின் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. புதிதாக எதையாவது செய்யப் போய்ச் சின்னத் தவறு நேர்ந்தால் 17(பி) குறிப்பாணை, அதாவது பெரிய தண்டனைக்கு வழிவகுக்கும் குற்றச்சாட்டு வரும். அது முடியும்வரை பதவி உயர்வு நிற்கும். ஒன்றும் செய்யாமல் கோப்பைச் சுற்ற விடுபவருக்கு அந்த ஆபத்து குறைவு. நேர்மையாக எடுத்த முடிவு தவறிப்போவதையும் லஞ்சத்தையும் ஒரே சட்டப்பிரிவில் நிறுத்தாமல் பிரித்துப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் திறமைசாலிகள் தங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். வரனைச் சொல்லி அவளைக் கட்டிப்போடாதீர்கள். அவள் வேலையைப் பார்த்துப் பெண் கேட்டு வருபவன் அவளைப் பார்க்கவில்லை. அவசரப்படவும் வேண்டாம். துறைத் தேர்வுகள் மிச்சம் இருந்தால் முடிக்கட்டும். அலுவலகத்தில் தடையின்மைச் சான்று வாங்கி அடுத்த குரூப் 2, குரூப் 1 எழுத மனம் இருக்கிறதா என்று அவளிடமே கேளுங்கள். மின் ஆளுமை தொடர்பான பணிக்கு மாற்றிக் கொடுங்கள் என்று எழுத்தில் ஒரு விண்ணப்பம் கொடுக்கட்டும். நியாயமான காலம் காத்திருக்கட்டும். பதிலே வராவிட்டால் போகட்டும், நிம்மதியாக அனுப்பி வையுங்கள்.

போகும்போது ராஜினாமா கடிதத்தில் வழக்கம்போல "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். என்ன படித்தேன், என்ன வேலை கொடுத்தார்கள், என்ன கேட்டேன், என்ன பதில் வந்தது என்று உள்ளபடி எழுதட்டும். நகல் ஒன்றை எங்களுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அவள் பெயரும் அலுவலகத்தின் பெயரும் இல்லாமல், இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.